பணியும் நடையும்

பணி வேறு, நடை வேறு என்று பிரித்துப் பார்க்காத காலம் ஒன்று இருந்தது. உழவர் வரப்பில் நடந்தார். அஞ்சல்காரர் தெருத்தெருவாக நடந்தார். ஆசிரியர் பல கல் தொலைவு நடந்து பள்ளிக்கு வந்தார். நாற்காலியில் அமர்ந்து எழுதும் அலுவலக எழுத்தரும் நாள்தோறும் நடக்கவே செய்தார். பழைய கோப்பு ஒன்றைத் தேடி ஆவண அறைக்குச் சென்றார். அதிகாரியின் கையொப்பம் பெற மாடி ஏறினார். செய்தி ஒன்றைச் சொல்ல அடுத்த கட்டடத்திற்குப் போனார். நடை என்று ஒருவரும் அதனைக் கருதவில்லை. அது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இன்று கோப்பு கணினித் திரைக்கு வந்துவிட்டது. கையொப்பம் மின்னஞ்சலில் கிடைக்கிறது. அடுத்த அறையில் இருப்பவருக்கும் செய்தி கைப்பேசி வழியே போகிறது. மாடி ஏற மின்தூக்கி இருக்கிறது. வாசலில் வண்டியில் ஏறி, அலுவலக வாசலில் இறங்கி, எட்டு மணி நேரம் அமர்ந்திருந்து, மீண்டும் வண்டியில் ஏறி வீடு திரும்புவோர் பலர். வேலை எளிதாயிற்று, நேரமும் மிச்சமாயிற்று. ஆயினும் அந்த வேலையோடு சேர்ந்து இதயத்திற்குக் கிடைத்துவந்த ஒரு பாதுகாப்பும் ஓசையின்றி நீங்கிவிட்டது. அந்தப் பாதுகாப்பு யாது, அதனை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர், அதனை மீண்டும் பெறுவது எங்ஙனம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இதயமும் நடையும்

இதயம் ஏறத்தாழ ஒருவருடைய மூடிய கையளவு உள்ள தசை உறுப்பு. அமைதியாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு 70 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் அது ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் குருதியை அது உடலெங்கும் செலுத்துகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் இது 7,000 லிட்டரைத் தாண்டும். இவ்வளவு உழைக்கும் இதயத் தசைக்கும் உணவும் உயிர்வளியும் வேண்டும். அவற்றைக் கொண்டு சேர்ப்பவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் இதயத்தமனிகள். இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகுவதும், அப்படிவு வெடித்த இடத்தில் குருதி உறைந்து வழி அடைபடுவதுமே மாரடைப்புக்கு முதன்மையான காரணங்கள்.

நடக்கும்போது உடலில் என்ன நிகழ்கிறது? முதலில் கால்களைக் காண்போம். கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி விரிகின்றன. அவை சுருங்கும்போது அருகிலுள்ள சிரைகள் அழுத்தப்பெற்று, அவற்றிலுள்ள குருதி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு கதவுகள் போன்ற தடுக்கிதழ்கள் அக்குருதியைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. இதனால், கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்றே கூறுவதுண்டு. நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பவருக்கு இவ்வுதவி கிடைப்பதில்லை. நெடுந்தொலைவுப் பயணத்தின் முடிவில் சிலருக்குக் கால் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, குருதிக்குழாய்கள். குருதி விரைந்து ஓடும்போது குழாய்களின் உட்சுவர் தூண்டப்பெற்று, குழாய் தளர்ந்து விரிகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழ்ந்தால் குழாய்கள் நெகிழ்வு குன்றாமல் இருக்கும். குருதியழுத்தமும் கட்டுக்குள் நிற்கும். உணவுண்ட பின் குருதியில் சேரும் சர்க்கரையை, நடக்கும் தசைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இதயமும் பழக்கத்தால் வலுப்பெறுகிறது. வலுவுள்ள இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்துவதால், ஓய்வில் இருக்கும்போது குறைந்த துடிப்புகளே அதற்குப் போதுமானவை.

தொழிலைக் கேட்ட மருத்துவர்

அமர்ந்தே செய்யும் தொழில் உடலைக் கெடுக்கும் என்பதை முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளர்க்கு உண்டாகும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வினாக்களுடன், "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தையற்காரர், செருப்புத் தைப்போர் முதலியோர் நாள் முழுதும் அமர்ந்து உழைப்பதால் நலிவுறுகின்றனர் என்று கண்டு, விடுமுறை நாள்களிலேனும் அவர்கள் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

ராமசினி கண்ணால் கண்டதை எழுதினார். அதனை எண்ணிக் கணக்கிட்டு மெய்ப்பிப்பதற்கு மேலும் 250 ஆண்டுகள் கடந்தன.

ஒரே பேருந்தில் இருவர்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், பிரிட்டனில் மாரடைப்பால் இறப்போர் தொகை கூடிக்கொண்டே வந்தது. நடுத்தர வயது ஆண்கள் பலர் பணிபுரியும் பருவத்திலேயே உயிரிழந்தனர். காரணம் என்ன என்பது மருத்துவர்களுக்கு விளங்கவில்லை. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், மக்கள் செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று ஆராயத் தொடங்கினார்.

அவரும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்த களம் லண்டன் மாநகரப் பேருந்து. லண்டனின் சிவப்பு நிறப் பேருந்துகள் ஈரடுக்கு உடையவை. மும்பையில் 1937-ஆம் ஆண்டு முதல் ஓடிவந்த ஈரடுக்குப் பேருந்துகளைக் கண்டோர்க்கு அவற்றின் அமைப்பு எளிதில் விளங்கும். ஒரு பேருந்தில் ஓட்டுநர் ஒருவரும் நடத்துநர் ஒருவரும் இருப்பர். இருவரும் ஒரே நகரத்தில் வாழ்வோர். ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர். ஒரே வண்டியில் ஒரே புகையையும் இரைச்சலையும் தாங்குவோர். வருவாயிலும் வாழ்க்கை முறையிலும் அவர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வேலையின் இயல்பில் இருந்தது. ஓட்டுநர் பணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அமர்ந்தே இருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காகப் பேருந்தின் முன்னும் பின்னும் நடந்தார். மேல்தளத்திற்கு ஏறி இறங்கினார். அவர் ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார் என்று கணக்கிடப்பட்டது.

பேருந்துகளிலும் டிராம் வண்டிகளிலும் பணிபுரிந்த 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களின் நோய்ப் பதிவுகள் ஆராயப்பட்டன. முடிவுகள் 1953-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயத்தமனி நோய் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதிலேயே வந்தது. அதன் கடுமையும் குறைவாக இருந்தது. நோய் தாக்கிய மூன்று மாதங்களுக்குள் இறந்தோரைக் கணக்கிட்டபோது, நடத்துநர்களின் இறப்பு விகிதம் ஓட்டுநர்களின் விகிதத்தில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது.

அந்த நடத்துநர்கள் எவரும் உடல்நலம் கருதி நடந்தவர்கள் அல்லர். தத்தம் வேலையைச் செய்தார்கள், அவ்வளவே. தங்களை அறியாமலேயே தங்கள் இதயத்தைக் காத்துக்கொண்டார்கள்.

ஐயமும் விடையும்

ஓர் உண்மையை ஏற்பதற்கு முன் அதனை ஐயுற்று ஆராய்வது அறிவியலின் இயல்பு. மாரிஸின் முடிவைக் கண்டவர்கள் இரண்டு ஐயங்களை எழுப்பினர்.

முதல் ஐயம் இது: நெரிசல் மிக்க சாலையில் வண்டி ஓட்டுவது மனத்திற்குப் பெருஞ்சுமை. ஓட்டுநரின் இதயத்தைக் கெடுத்தது அமர்ந்திருத்தலா, அந்த மனச்சுமையா? இதற்கு விடை காண, வண்டி ஓட்டுதல் என்னும் தொல்லையே இல்லாத ஒரு துறையை மாரிஸ் எடுத்துக்கொண்டார். அது அஞ்சல் துறை. கடிதப் பையுடன் நடந்தும் மிதிவண்டியிலும் தெருத்தெருவாகச் செல்லும் அஞ்சல்காரர்களை, அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரியும் எழுத்தர்களோடும் தொலைபேசி இணைப்பாளர்களோடும் ஒப்பிட்டார். இங்கும் அதே முடிவே கிடைத்தது. நடந்து உழைத்த அஞ்சல்காரர்களிடம் இதயத்தமனி நோய் குறைவாகக் காணப்பட்டது.

இரண்டாம் ஐயம் இன்னும் கூர்மையானது. இயல்பாகவே உடல் பருத்தவர்கள் ஓட்டுநர் வேலையையும், மெலிந்தவர்கள் நடத்துநர் வேலையையும் நாடியிருக்கலாம் அல்லவா? அப்படியாயின் நோய்க்குக் காரணம் உடற்பருமனே அன்றி வேலை அன்று. இதனை ஆராய மாரிஸ் ஓர் எளிய வழியைக் கண்டார். பேருந்துப் பணியாளர் அனைவருக்கும் நிறுவனமே சீருடை தைத்துக் கொடுத்தது. ஆகவே ஒவ்வொருவரின் இடுப்பளவும் சீருடைப் பதிவேட்டில் இருந்தது. அதனைப் புரட்டிப் பார்த்தபோது, ஐயம் எழுப்பியவர் கூறியதில் ஓரளவு உண்மை இருப்பது தெரிந்தது. ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே சற்று மிகுதியாக இருந்தது. சீருடை பற்றிய அந்த ஆய்வை மாரிஸ் 1956-ஆம் ஆண்டில் மறைக்காமல் வெளியிட்டார். ஆயினும் பின்னர்த் தொடர்ந்த ஆய்வில் மற்றோர் உண்மையும் புலப்பட்டது. மெலிந்தவர், நடுத்தரமானவர், பருத்தவர் என எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும், திடீர் மாரடைப்பு இறப்பு நடத்துநர்களிடமே குறைவாக இருந்தது. உடற்பருமன் ஒரு காரணமாயினும், அது மட்டுமே காரணம் ஆகாது என்பது இதனால் விளங்கிற்று.

1910-ஆம் ஆண்டில் பிறந்த மாரிஸ், தாம் கண்ட உண்மையைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்து, நாள்தோறும் உடற்பயிற்சி செய்து வந்தார். 2009-ஆம் ஆண்டில் தம் 99-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

வங்காளத்துச் சணல் ஆலை

இத்தகைய ஆய்வு இந்தியாவிலும் நடைபெற்றுள்ளது. மேற்கு வங்கத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில் செங்கைல் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த லட்லோ சணல் ஆலையின் பணியாளர்களை ழான் மேயர் என்னும் உணவியல் அறிஞரும் அவருடைய இந்திய உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, 1956-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

ஓர் ஆலைக்குள் பலவகை வேலைகள் உண்டு. கடையில் நாள் முழுதும் அமர்ந்திருப்போர், மேற்பார்வையாளர், எழுத்தர், நெசவாளர், கரி அள்ளுவோர், சுமை தூக்குவோர் என ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 213 பேரும் அவரவர் உழைப்பின் அளவுக்கேற்பப் பிரிக்கப்பட்டனர். யார் எவ்வளவு உண்கின்றனர், யார் எவ்வளவு எடை உடையவர் என்பன குறிக்கப்பட்டன. மிதமாகவும் மிகுதியாகவும் உழைத்தோர் தத்தம் உழைப்புக்கு ஏற்ற அளவே உண்டனர். அவர்தம் உடல் எடையும் பெரிதும் மாறவில்லை. அமர்ந்தே இருந்தோர் குறைவாக உண்பர் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அவர்கள் கடுமையாக உழைப்போருக்கு இணையாக உண்டனர். எடையும் அவர்களுக்கே மிகுதியாக இருந்தது.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. உடல் ஓரளவேனும் இயங்கினால்தான் பசி, உடலின் தேவையைச் சரியாக அறிவிக்கிறது. இயக்கம் மிகவும் குறைந்துவிட்டால் பசியின் கணக்கு பிழைபடுகிறது. மிகுதியான உணவு கொழுப்பாகிறது. கொழுப்பு மிகுந்தால் குருதியழுத்தமும் நீரிழிவும் பின்தொடர்கின்றன. இவை மூன்றும் இதயத்திற்குப் பகையாவன.

நம் நாட்டினர் அறிய வேண்டியது

இதயத் தாக்குதலுக்கான காரணங்களை 52 நாடுகளில் ஒருங்கே ஆராய்ந்த 'இன்டர்ஹார்ட்' என்னும் பேராய்வு 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனை முன்னின்று நடத்தியவர் கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுப். புகைபிடித்தல், குருதியழுத்தம், நீரிழிவு, குருதிக்கொழுப்பு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலியக்கமின்மை முதலிய சில காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்கு அடிப்படை என்று அவ்வாய்வு காட்டியது. இவற்றுள் பெரும்பாலானவை மாற்றத் தக்கவை.

அதே ஆய்வின் மற்றொரு பகுதி நம் நாட்டினர் கூர்ந்து நோக்க வேண்டியது. முதல் மாரடைப்பு ஏற்படும் வயது மற்ற நாட்டினரிடையே ஏறத்தாழ 59 ஆக இருக்க, இந்தியா முதலிய தெற்காசிய நாடுகளில் 53 ஆக இருந்தது. அஃதாவது, ஆறு ஆண்டுகள் முன்னதாகவே நோய் வந்துவிடுகிறது.

ஐம்பத்து மூன்று என்பது ஓய்வு பெறும் வயது அன்று. பிள்ளைகள் கல்லூரியில் பயிலும் காலம் அது. வீட்டுக்கடன் தீராத காலம். பிறந்த ஊரை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர் என வந்து பணிபுரியும் குடும்பங்களில் நிலைமை இன்னும் அரிது. தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா என உறவினர் அனைவரும் இரண்டு நாள் தொடர்வண்டிப் பயணத்தொலைவில் இருப்பர். ஒருவரின் வருவாயில் நடக்கும் அத்தகைய வீட்டில், அவர் நோயுற்று வீழ்ந்தால் உடனே தாங்குவோர் அருகில் இல்லை. ஆகவே இதயத்தைப் பேணுவது தனி ஒருவரின் நலம் மட்டுமன்று. குடும்பத்தின் நலமும் ஆகும்.

எவ்வளவு நடத்தல் வேண்டும்?

நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்று பலரும் கூறுவர். இவ்வெண் எங்கிருந்து வந்தது? 1965-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நிறுவனம் ஒன்று, இடுப்பில் அணிந்துகொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியது. விற்பனைக்காகச் சூட்டிய அப்பெயரே பின்னர் உலகெங்கும் விதிபோல் பரவிவிட்டது. அமெரிக்க நாட்டு மூதாட்டியர் பல ஆயிரம் பேரிடம் நடத்தி 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நாளொன்றுக்கு 4,400 அடிகள் நடந்தோரே மிகக் குறைவாக நடந்தோரைவிட நெடிது வாழ்ந்தனர் என்று காட்டிற்று. அப்பயன் 7,500 அடிகள் அளவில் நிலைபெற்றது. ஆகவே பத்தாயிரத்தை எட்ட இயலவில்லையே என்று சோர்ந்து, நடையையே கைவிடுவது அறிவுடைமை ஆகாது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். பள்ளிச் சிறார்க்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் வேண்டும். விரைந்த நடை மிதமான உடலியக்கம் ஆகும். நடந்துகொண்டே உடன் வருபவரோடு பேச இயல வேண்டும்; ஆனால் பாட இயலக் கூடாது. இதுவே அந்நடையின் வேகத்தை அறியும் எளிய அளவுகோல்.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமேனும் நடந்தால்தான் கணக்கில் சேரும் என்று கருதினர். புதிய வழிகாட்டுதல் அக்கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. சிறிது சிறிதாக நடந்தாலும் பயன் உண்டு. பணியிடத்தில் நடப்பதற்கு இதுவே வாயிலைத் திறந்துவிடுகிறது. ஒருவர் எட்டு மணி நேரப் பணியில் ஒவ்வொரு மணிக்கும் 5 நிமிடம் விரைந்து நடப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 40 நிமிடங்கள். வாரத்தில் ஐந்து நாள்களுக்கு 200 நிமிடங்கள். தனியே பூங்காவிற்குச் செல்ல நேரமில்லாதவரும் வாரக் கணக்கைப் பணியிடத்திலேயே நிறைவு செய்துவிடலாம்.

பணியிடத்தில் நடக்கும் வழிகள்

ஐந்து நிமிடத்தை எங்கே தேடுவது? அன்றாட வேலைகளுக்குள்ளேயே அது மறைந்திருக்கிறது.

பேருந்திலோ மெட்ரோ இரயிலிலோ வருபவர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கலாம். சொந்த வண்டியில் வருபவர் வாயிலுக்குத் தொலைவான இடத்தில் வண்டியை நிறுத்தலாம். இரண்டு மூன்று மாடிகளுக்கு மின்தூக்கியை நாடாமல் படியேறலாம். ஒரு பெரிய புட்டியில் நாள் முழுமைக்கும் நீர் நிரப்பி மேசையில் வைப்பதற்கு மாறாக, சிறிய குவளையை வைத்துக்கொண்டால் அடிக்கடி எழுந்து செல்ல நேரும். அதே தளத்தில் இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பாமல் நேரில் சென்று பேசலாம். கைப்பேசி அழைப்பு வந்தால் எழுந்து நடந்தவாறே பேசலாம். இருவர் மூவர் கூடிப் பேச வேண்டியதை வளாகத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசி முடிக்கலாம். நண்பகல் உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால், உணவால் கூடும் சர்க்கரை அளவு தணியும். பிற்பகல் தூக்கமும் விலகும்.

தனி ஒருவரின் ஊக்கம் மட்டுமே போதாது. பணியிடமும் அதற்கேற்ப அமைய வேண்டும். பல கட்டடங்களில் மின்தூக்கி வாயிலருகே ஒளிவீசும். படிக்கட்டோ மூலையில் இருண்டு, பழைய பொருள்கள் அடைந்து கிடக்கும். அத்தகைய படியில் எவர் ஏறுவர்? படிக்கட்டைத் தூய்மையாகவும் வெளிச்சமாகவும் வைத்து, ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டினாலே மாற்றம் தோன்றும். 1980-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்குச் சான்று. பிலடெல்பியா நகரில் வணிக வளாகம், இரயில் நிலையம், பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் படிக்கட்டும் நகரும் படிக்கட்டும் அருகருகே இருந்தன. அங்கே ஆய்வாளர்கள் ஒரு படத்தை வைத்தனர். சோர்ந்த இதயம் ஒன்று நகரும் படிக்கட்டில் நிற்பதாகவும், நலமான இதயம் ஒன்று படியில் துள்ளி ஏறுவதாகவும் அப்படம் அமைந்திருந்தது. படியேறுவோர் விகிதம் இருமடங்குக்கு மேல் கூடிற்று. பலகையை அகற்றிய சில மாதங்களில் அது பழைய நிலைக்கே திரும்பிற்று. நல்வழக்கம் நிலைபெற இடைவிடாத நினைவூட்டல் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மேலதிகாரிகளின் மனநிலையும் இங்கு முதன்மையானது. இருக்கையை விட்டு எழுபவரை வேலைக்கு மெய்வருத்தம் கொள்ளாதவர் என்று கருதும் இடத்தில் எவரும் எழார். மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் பணி ஒழுக்கத்தில் அடங்கும் என்று அதிகாரியே நடந்து காட்டினால், மற்றவர்களும் தயக்கமின்றிப் பின்பற்றுவர்.

கவனத்திற்கு உரியவை

நடையின் பெருமையைக் கூறும்போது சில எல்லைகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

நிற்பது வேறு, நடப்பது வேறு. கடையிலும் வாயிற்காவலிலும் நாள் முழுதும் நிற்போர்க்குக் கால்வலியே மிஞ்சும். நடையின் பயன் கிட்டாது. அவர்களுக்கு வேண்டியவை இடையிடையே சிறிது நடையும் சிறிது நேரம் அமர ஓர் இருக்கையுமே. அவ்வாறே, ஓய்வின்றிப் பளு தூக்கும் கடுமையான வேலையும் இதயத்திற்கு நன்மை செய்வதாகக் கொள்ள இயலாது. கட்டடத் தொழிலாளியிடம் சென்று இன்னும் நட என்று கூறுவது பொருந்தாது. அவருக்குத் தேவை போதிய ஓய்வும் நல்ல உணவும் ஆகும்.

நடை மருந்துக்கு மாற்று அன்று. குருதியழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ மருந்து உண்பவர், நடக்கிறோம் என்று எண்ணி அதனைத் தாமாகவே நிறுத்தலாகாது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் மருத்துவரின் அறிவுரை பெற்றே நடையின் அளவைக் கூட்ட வேண்டும். புகைப்பதை விடாதவர்க்கு நடை முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை.

நடுமார்பில் அழுத்தம் அல்லது வலி தோன்றி, இடக்கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ பரவுதல், காரணமின்றி வியர்த்தல், மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அப்போது வாயுத்தொல்லை என்று காலம் தாழ்த்தாமல், நடையை நிறுத்தி, உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். 112 என்னும் அவசர உதவி எண்ணையும், 108 என்னும் ஆம்புலன்ஸ் எண் தம் மாநிலத்தில் செயற்படுகிறதா என்பதையும் சிறார்களும் அறிந்து வைத்திருத்தல் நன்று.

நிறைவாக

லண்டன் பேருந்துகளில் நடத்துநர் வேலை படிப்படியாக மறைந்தது. ஓட்டுநரே பயணச்சீட்டும் வழங்கும் முறை வந்தது. நடத்துநரோடு ஓடிய பழைய ஈரடுக்குப் பேருந்துகள் 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கப்பட்டன. படியேறிப் பிழைத்த அந்த வேலை போய், அமர்ந்து செய்யும் வேலை நின்றது. உலகின் பெரும்பாலான தொழில்களில் நடந்ததும் இதுவே.

காலத்தைப் பின்னோக்கித் திருப்ப இயலாது. திருப்ப வேண்டியதும் இல்லை. கணினியும் மின்தூக்கியும் முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பெரிதும் உதவுகின்றன. ஆயினும் முன்பு வேலை தானாகவே தந்த நடையை, இனி மனிதர் தாமே நினைந்து பெற வேண்டியுள்ளது. அதற்குப் பொருட்செலவு இல்லை. கருவி எதுவும் வேண்டா. மணிக்கு ஐந்து நிமிடம் எழுந்து நடக்கும் மனம் ஒன்றே போதும். அம்மனத்தைப் பெரியவர்களுக்கு நினைவூட்டும் பணியை வீட்டிலுள்ள சிறார்கள் நன்கு செய்ய இயலும்.

சொற்பொருள்

குருதி – இரத்தம்
தமனி – இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்
சிரை – இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்
உயிர்வளி – ஆக்சிஜன்
கெண்டைக்கால் – முழங்காலுக்குக் கீழே பின்புறமுள்ள சதைப்பகுதி
மின்தூக்கி – லிஃப்ட்
நகரும் படிக்கட்டு – எஸ்கலேட்டர்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
மெய்வருத்தம் – உடலை வருத்தி உழைத்தல்

பயிற்சி

1. ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிடுவதற்கு மாரிஸ் தேர்ந்தெடுத்தது ஏன்? அவர்களிடையே இருந்த ஒற்றுமைகளையும் வேற்றுமையையும் எழுதுக.
2. மாரிஸின் முடிவைப் பற்றி எழுந்த இரண்டு ஐயங்கள் யாவை? சீருடைப் பதிவேடு எவ்வாறு உதவிற்று?
3. செங்கைல் சணல் ஆலையில் அமர்ந்து பணிபுரிந்தோரைப் பற்றி அறியப்பட்டது யாது?
4. 'நிற்பது வேறு, நடப்பது வேறு' – இத்தொடரை உம் ஊரில் காணும் தொழில் ஒன்றைக் கொண்டு விளக்குக.
5. பிரித்து எழுதுக: பணியிடம், குருதியழுத்தம், படியேறலாம்.
6. செயல்பாடு: உம் தந்தையோ தாயோ ஒரு பணி நாளில் எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கிறார், எவ்வளவு நேரம் நடக்கிறார் என்று கேட்டு அட்டவணை அமைக்க. அவர் ஐந்து நிமிடம் நடப்பதற்கு ஏற்ற மூன்று வேளைகளை அவரோடு கலந்து பேசிக் குறிக்க. ஒரு வாரம் கழித்து, அவற்றுள் எத்தனை முறை நடக்க முடிந்தது என்பதையும், முடியாதபோது தடையாக இருந்தது எது என்பதையும் பத்து வரிகளில் எழுதுக.